சவர்க்காரப் பெட்டிக்குள் ஒரு கமரா

ஒலிம்பஸ் எக்ஸ்ஏ என்ற சின்ன பில்ம் கமரா கைக்கு வந்து ஒன்றரை மாதம். நாலு றோல் முடிந்திருக்கிறது. அதில் ஒன்று கணக்கில் வராது, ஏன் என்று பிறகு சொல்கிறேன். "இந்தக் காலத்தில் பில்ம் கமராவோ, காசைக் கரியாக்கிறாய்" என்று இன்பொக்ஸில் வந்து திட்டியவர்களுக்கும் சேர்த்துத்தான் இந்தப் பதிவு.

1979இல் வந்த கமரா. வடிவமைத்தவர் யொஷிஹிசா மைத்தானி; ஒலிம்பஸின் பென், ஓஎம்-1 கமராக்கள் எல்லாம் அந்த மனிசனின் கைவேலைதான். எடை 225 கிராம். முன்தட்டை இழுத்தால் லென்ஸ் தெரியும், தள்ளினால் மூடிக்கொள்ளும், ஷட்டரும் பூட்டிவிடும். தனியாக உறையோ மூடியோ தேவையில்லை. ஒட்டுசுட்டான் பக்கத்து உள்வீதிகளில் மோட்டார் சைக்கிள் ஓடுகிறவனுக்கு இதன் அருமை தெரியும். வீடு வந்து சேர்ந்தால் காதுக்குள்ளும் செம்புழுதி இருக்கும், லென்ஸில் இருக்காது.

முறிகண்டியில் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டுக் கச்சான் வாங்கும்போது சேட்டுப் பொக்கற்றிலிருந்து இதை எடுத்தேன். கச்சான் சுற்றிக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்த்து, "என்ன தம்பி, சவர்க்காரப் பெட்டியோ?" என்றார். கமரா என்றேன். "உதுவோ!" என்று ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்போடேயே எடுத்துவிட்டேன். போன வருடம் பெரிய டிஜிட்டல் கமராவோடு போய் இதே அம்மாவிடம் கேட்டபோது முந்தானையை இழுத்துவிட்டு, முகத்தை இறுக்கி, தொண்டு நிறுவனக்காரன் என்று நினைத்து "எந்த நிறுவனம் தம்பி?" என்று கேட்டவர். குறை சொல்ல ஏலாது. 2009இல் போர் முடிந்த பிறகு எங்கள் சனத்தை எத்தனை கமரா பார்த்திருக்கிறது! கூடாரத்து வாசலில், வரிசையில், தகரக் கொட்டிலுக்கு முன்னால். எடுத்தவர்கள் போனார்கள், படமும் போனது. வன்னியில் தினமும் கொண்டு திரிய ஒரு கமரா என்றால் முதல் தகுதி அது கமரா மாதிரி இருக்கக்கூடாது. இதுதான் என் கட்சி.

இனி அதன் குணங்கள். வியூபைண்டரின் நடுவில் மஞ்சளாய் ஒரு சின்னப் பொட்டு. அதற்குள் ஆள் இரண்டாகத் தெரிவார்; லென்ஸுக்குக் கீழே உள்ள தடியை மெல்ல நகர்த்த இரண்டும் ஒன்றாகும், அதுதான் போகஸ். மத்தியான வெயிலில் அந்தப் பொட்டைத் தேடிக் கண் பூத்துப் போகும். வெளிச்சம் நுழையும் துளையின் அளவை நாம் வைக்க, ஷட்டர் வேகத்தை அது பார்த்துக்கொள்ளும், பக்கத்தில் ஒரு முள் ஏறி இறங்கிக் காட்டும். வேகம் 1/500க்கு மேல் போகாது. இரணைமடுக் குளக்கட்டில் பன்னிரண்டு மணிக்கு வெளிச்சத்தைக் கூடப் பிடிக்கும் ஐஎஸ்ஓ 400 பில்மோடு நின்றால் துளையை எஃப்16ஐ விடப் பெரிதாகத் திறக்க இடமில்லை. எங்கள் வெயிலுக்கு 200 போதும். பொழுது சாய்ந்த பிறகுதான் அகலத் திறந்த எஃப்2.8க்கு வேலை.

வட்டுவாகலில் வீச்சுவலைக்காரரை எடுத்தேன். பின்னால் நந்திக்கடல் தகதகவென்று மினுங்குது, அவர் கரிக்கட்டை மாதிரி நிற்கிறார். கமராவின் அடியில் ஒரு தடி உண்டு, இழுத்தால் ஒன்றரை ஸ்டொப் வெளிச்சம் கூடும் (ஒரு ஸ்டொப் என்றால் இரண்டு மடங்கு). முகம் வந்தது. வலையில் விழுந்த தண்ணீர்த் துளிகள்கூட வந்திருக்கின்றன.

சிவப்புச் சதுரமாய் இருக்கும் ஷட்டர் பொத்தான் மட்டும் சரியான சண்டைக்காரன். விரல் பட்டாலே போதும், 'டிக்'. பாதி அழுத்திப் பழகிய விரலுக்கு முதல் றோலில் என் செருப்பு இரண்டு தடவை அகப்பட்டது.

பற்றரி இல்லாவிட்டால் ஷட்டர் அசையாது. எல்ஆர்44 என்ற பட்டன் பற்றரி இரண்டு, மணிக்கூட்டுக் கடையில் கிடைக்கிறது. தொண்ணூறுகளில் அரசு போட்ட பொருளாதாரத் தடையில் பற்றரியும் தடைப் பொருள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோச் செய்தி கேட்ட ஊர் இது. அந்த நாளில் இந்தக் கமரா இருந்திருந்தால் உண்மையிலேயே சவர்க்காரப் பெட்டிதான்.

அந்தக் கணக்கில் வராத றோல்: மூன்றாவது. 36 தாண்டியும் சுற்றுது, 40 என்று காட்டுது, நானும் லாபம் என்று நினைத்து எடுத்துக்கொண்டே இருந்தேன். திறந்து பார்த்தால் பில்ம் கொளுவவேயில்லை, முழுதும் உறைக்குள் அப்படியே கிடக்கிறது. மருமகளின் பிறந்தநாள் அதோடு சரி. இப்போது ஒவ்வொரு தடவை முன்னுக்குச் சுற்றும்போதும் பில்மைத் திருப்பிச் சுற்றும் றீவைண்ட் குமிழ் கூடச் சுழல்கிறதா என்று பார்க்கிறேன்.

செலவு உண்மைதான். றோலைப் பஸ்ஸில் கொழும்புக்கு அனுப்பி, கழுவி, ஸ்கான் பண்ணி, பிறின்ற் போட்டு வாங்குகிறேன். பிறின்ற் போடாமல் விடுவதில்லை. எங்கள் வீட்டில் என் சின்ன வயதுப் படங்கள் மொத்தம் மூன்று. 2009 இடப்பெயர்வில் அல்பம் மாத்தளன் கடற்கரை வரைக்கும் வந்தது, அதற்கப்பால் வரவில்லை. அந்த மூன்றும் கனடாவில் இருக்கும் மாமாவுக்கு அந்த நாளில் கடிதத்தோடு போய், பிறகு திரும்பி வந்தவை.

போன கிழமை முறிகண்டியில் இறங்கி, அந்தக் கச்சான் அம்மாவிடம் பிறின்ற்றைக் கொடுத்தேன். கையைச் சேலையில் துடைத்துவிட்டு, ஓரத்தில் மட்டும் பிடித்து, கனநேரம் பார்த்தார். பல்லுத் தெரியுது என்று வெட்கப்பட்டார். பிறகு கேட்டார்: "தம்பி, உதில இன்னுமொண்டு எடுக்கலாமோ? ஒண்டு என்னட்ட இருக்கட்டும். மற்றதை லண்டனில மகளுக்கு அனுப்பி வைப்பம், அங்கயெண்டால் துலையாது."