வெஸ்பாசியனைத் தேர்ந்தெடுத்தது செனட்டா?
ரோமில் நாலு பேரரசர்களைப் பார்த்த கி.பி. 69ஆம் ஆண்டின் குழப்பத்தை, ரோமின் மூத்தோர் அவையான செனட்தான் படைத்தலைவர் வெஸ்பாசியனைப் பேரரசராகத் தேர்ந்தெடுத்து முடித்து வைத்தது என்று ஒரு கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. ஜூலை 1ஆம் தேதியே அலெக்சாண்ட்ரியாவில் எகிப்தின் ஆளுநர் டைபீரியஸ் ஜூலியஸ் அலெக்சாண்டர் தன் படைகளை வெஸ்பாசியன் பெயரில் சத்தியம் செய்ய வைத்துவிட்டார், ரோமுக்குக் கோதுமை போகும் எகிப்து அன்றே அவர் கைக்கு வந்துவிட்டது. செனட் வாய் திறந்தது டிசம்பர் கடைசியில், அதுவும் அப்போது பேரரசராக இருந்த விட்டெலியஸைக் கொன்றுவிட்டு வெஸ்பாசியனின் படை ஊருக்குள் நிற்கும்போது! அப்புறம் வெஸ்பாசியனே தன் ஆட்சி ஆண்டுகளை ஜூலை 1இல் இருந்துதான் எண்ணினார், செனட் ஒப்புக்கொண்ட நாளிலிருந்து அல்ல. அவருக்கு அதிகாரம் தந்த சட்டத்தின் வெண்கலப் பலகை ரோமில் காபிடோலின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, இந்தச் சட்டத்துக்கு முன்னால் அவர் செய்ததெல்லாம் செல்லும் என்று அதிலேயே ஒரு பிரிவு வருகிறது, அதாவது நடந்து முடிந்ததற்கு செனட் பின்னால் வந்து முத்திரை குத்தியிருக்கிறது. அந்த நாலு பேரில் முதலாமவரான கால்பா மட்டும் செனட்டின் ஆள் என்று ஒரு நண்பர் சொல்கிறார். சரி, ஆனால் பேரரசரின் காவல்படைக்குத் தன் பெயரில் வாக்களிக்கப்பட்ட பணத்தை கால்பா கொடுக்க மறுத்ததும் அந்தப் படை, அவருக்கு அடுத்துப் பேரரசரான ஓத்தோ பக்கம் சாய்ந்தது, ஜனவரி 15இல் ரோமின் பொதுச் சதுக்கமான ஃபோரம் நடுவில் பல்லக்கிலிருந்து கீழே விழுந்தவரை வெட்டிப் போட்டார்கள், அன்றைக்கே அதே செனட் ஓத்தோவை ஏற்றுக்கொண்டது.