கடல் பக்கத்தில் இருந்தால் தண்ணீர் இலவசமா?

"கடலே நம்ம வாசல்ல இருக்கு, குடிநீர்த் தட்டுப்பாடுன்னு சொல்றதே பொய்" என்று சென்னையின் காசிமேடு, ராயபுரம் பக்கம் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. இது தவறு.

கடல்நீர் ஏராளம்தான். அதைக் குடிநீராக்கத் தேவையான மின்சாரமும் பணமும் நிலமும் அப்படியில்லை. மீஞ்சூரை அடுத்த காட்டுப்பள்ளியில் 2010இல் தொடங்கிய, கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையின் திறன் நாளுக்கு 10 கோடி லிட்டர். சவ்வு வழியே அழுத்தி உப்பைப் பிரிக்க, 1,000 லிட்டருக்குச் சுமார் 3 முதல் 4 யூனிட் மின்சாரம் வேண்டும். இழுக்கும் நீரில் பாதிக்கு மேல் கடும் உப்புநீராகக் கடலுக்கே திரும்பும். மீன்பிடித்துப் பிழைக்கும் நமக்கு அது சின்ன விஷயமல்ல.

எவ்வளவு தண்ணீர், கடலிலிருந்தா ஏரியிலிருந்தா, முதலில் தெருக்குழாய்க்கா தொழிற்சாலைக்கா? எந்த அரசும் இதைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். விடியற்காலையில் குடத்தோடு அடிபம்பில் நிற்கும் அக்காக்கள் கேட்க வேண்டியது அந்தக் கடைசிக் கேள்வியைத்தான்.