‘ஆரவ்’ என்றால் அமைதியாம்!

குழந்தைப் பெயர்ப் பட்டியல் எதைத் திறந்தாலும் ‘ஆரவ்: அமைதியானவன்’ என்று இருக்கும். மானியர் வில்லியம்ஸின் சமஸ்கிருத அகராதியைத் திறந்து ‘ஆரவ’ என்ற சொல்லைத் தேடிப் பாருங்கள். கூச்சல், ஊளை, பேரொலி என்று வரும். தமிழிலும் ஆரவம் என்றால் ஒலிதான். முதலெழுத்தைக் குறிலாக்கி ‘அரவ’ என்றால் மட்டுமே ‘ஒலியற்ற’ என்று பிரிக்க இடமுண்டு. ஆனால் அந்தக் குறிலோடு தமிழ் வீட்டில் கூப்பிட்டால் பாம்பு என்று கேட்கும். ஆக, ‘ஆரவ்’ என்றால் கூச்சல்; பிள்ளைக்குப் பொருத்தமான பெயர்தான். எந்தக் கைக்குழந்தை அமைதியாக இருக்கிறது? பட்டியல் சொல்லும் பொருள்தான் பொய்.

இந்தப் பொய் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் ஆங்கில எழுத்திலிருந்து. பட்டியல்கள் எல்லாம் ரோமன் எழுத்தில் தயாராகின்றன. அங்கே அ, ஆ இரண்டுக்கும் ஒரே எழுத்து. ‘அனல’ நெருப்பு, ‘அனில’ காற்று என்ற அளவு வேறுபாடாவது கண்ணில் படும். குறில் நெடில் போனால் எதுவும் தெரியாது. ஒரு தளம் எழுதியதை அடுத்தது நகலெடுக்கிறது. பத்துத் தளத்தில் ஒரே பொருள் இருப்பதைப் பார்த்தவர் ‘எல்லா இடத்திலும் அப்படித்தான் போட்டிருக்கிறது’ என்கிறார். பத்தும் ஒரே ஊற்று.

இன்னொரு காரணம் நம்ம ஊர்க் காரணம், நட்சத்திர எழுத்து. அஸ்வினிக்கு சு, சே, சோ, ல என்று பாதத்துக்கு ஓரெழுத்து. அதில் ஹஸ்தம் மூன்றாம் பாதத்துக்கு ‘ண’. மொழிக்கு முதலில் ண வராது என்று தொல்காப்பியக் காலத்திலிருந்து சொல்லிவருகிறோம். சமஸ்கிருதத்திலும் அந்த எழுத்தில் தொடங்கும் சொல்லைத் தேடினால் ஏமாற்றம்தான். ஆனால் கேட்கிற பெற்றோர் இருக்கிறார்களே, பட்டியல் போடுகிறவர் பெயரை உண்டாக்கிவிடுகிறார். பெயரை உண்டாக்கியவர் பொருளையும் உண்டாக்கத்தானே வேண்டும்? ‘ரேயான்ஷ்’ இந்த வகை. ‘ஒளிக்கதிரின் அம்சம்’ என்கிறார்கள். அம்சம் சரி. கதிருக்குச் சமஸ்கிருதச் சொல் ரச்மி, அம்சு. ‘ரே’ என்பது ‘அடே’ என்று விளிக்கும் இடைச்சொல். கதிர் என்ற பொருளில் ‘ரே’ ஆங்கிலத்தில்தான் இருக்கிறது.

சரிபார்க்கக் கேட்க வேண்டிய முதல் கேள்வி ‘பொருள் என்ன?’ அல்ல, ‘எந்த மொழி?’ ஒலி ஒன்றாக இருந்தால் பெயர் ஒன்றாகிவிடாது. ‘நிஷா’ சமஸ்கிருதத்தில் இரவு. ‘மெஹருன்னிஷா’வில் வருவது அரபி ‘நிஸா’, அதாவது பெண்கள். பாரசீக ‘மெஹ்ர்’ சூரியன். சேர்த்தால் பெண்களுள் சூரியன் போன்றவள். பட்டியலை நம்பினால் அந்தப் பெண்ணின் பெயரில் சூரியனும் இரவும் சேர்ந்து நிற்கும். ‘தன்யா’ என்று எழுதினால் பேறு பெற்றவள் என்ற ‘தந்ய’வாகவும் இருக்கலாம், ரஷ்ய ‘தத்தியானா’வின் செல்லச் சுருக்கமாகவும் இருக்கலாம். வீட்டில் யாரை நினைத்து வைத்தார்கள் என்பதுதான் தீர்ப்பு.

இரண்டாம் கேள்வி: மூல எழுத்தில் எப்படி எழுதுவார்கள்? அரபிப் பெயர்களுக்கு இது உயிர்நாடி. வேர் பெரும்பாலும் மூன்று மெய்யெழுத்து. முஹம்மது, அஹ்மத், மஹ்மூத், ஹாமித் எல்லாம் புகழ்தல் என்ற ஒரே வேரில் பிறந்தவை. ‘காஸிம்’ என்று தமிழில் எழுதினால் அது ‘பங்கிட்டுக் கொடுப்பவர்’ ஆகவும் இருக்கலாம், ‘கோபத்தை அடக்குபவர்’ ஆகவும் இருக்கலாம். அரபியில் முதலெழுத்தும் வேறு, நடுவெழுத்தும் வேறு. அரபியில் எழுதத் தெரிந்த ஒருவரிடம் எழுதி வாங்காமல் இதைத் தீர்க்க முடியாது. அதே போல ‘அப்துல்’ தனிப்பெயர் அல்ல. ‘அப்து’ அடியான், ‘உல்’ அடுத்த சொல்லுக்கு முன்னால் வரும் சுட்டு. ‘அடியான், இன்னாருடைய…’ என்று பாதியில் நிற்கும் வாக்கியம் அது. பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் அப்துல் ரஹ்மான் என்பவர் ‘அப்துல்’ என்று ஒரு கட்டத்திலும் ‘ரஹ்மான்’ என்று குடும்பப்பெயர்க் கட்டத்திலும் பிரித்துப் போட்டால் வெளிநாட்டில் ‘மிஸ்டர் ரஹ்மான்’, ‘மிஸ்டர் அப்துல்’ என்று இரண்டு ஆளாகிவிடுவார். இரு சொல்லையும் ஒரே கட்டத்தில் வைக்க வேண்டும்.

ஜப்பானில் இந்த எழுத்துச் சிக்கல் உச்சத்தில் இருக்கிறது. ‘ஹருதோ’ என்ற ஒலிக்கு மட்டும் பொருளே சொல்ல முடியாது. பெற்றோர் எந்தச் சித்திர எழுத்தைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று பார்க்க வேண்டும். அரசு அனுமதித்தவை பொது எழுத்துகள் 2136, பெயருக்கென்று கூடுதலாக 863. எழுத்துக்குக் கட்டுப்பாடு வைத்தவர்கள் வாசிப்பை விட்டுவிட்டார்கள்; யாரும் ஊகிக்க முடியாத உச்சரிப்புகள் பெருகின. 2025 மே 26 முதல் குடும்பப் பதிவேட்டில் உச்சரிப்பையும் பதிய வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது.

மூன்றாவது, முதலில் யார் வைத்தார்கள்? ‘வனெஸ்ஸா: வண்ணத்துப்பூச்சி’ என்று எல்லாப் பட்டியலும் சொல்லும். அந்தப் பெயரை எழுத்தாளர் ஜொனாதன் ஸ்விஃப்ட் தன் தோழி எஸ்தர் வனோம்ரிக்காக உருவாக்கினார். குடும்பப் பெயரிலிருந்து ‘வன்’, எஸ்தரின் செல்லப்பெயரிலிருந்து ‘எஸ்ஸா’. அந்தப் பெயர் வரும் அவருடைய கவிதை அச்சானது 1726இல். பூச்சியியலாளர் ஃபேப்ரீசியஸ் ஒரு வண்ணத்துப்பூச்சிப் பேரினத்துக்கு அந்தப் பெயரை வைத்தது 1807இல். பெண் பெயர்தான் பூச்சிக்குப் போனது, பூச்சி பெயருக்கு வரவில்லை.

இதைவிட எனக்குப் பெரிய குறை, ‘பொருள்’ இல்லாத இடத்தில் பொருள் தேடுவது. பழைய ஆங்கிலேயர் இரண்டு துண்டை ஒட்டிப் பெயர் வைத்தார்கள். இங்கிலாந்தின் வூஸ்டர் நகர ஆயர் வுல்ஃப்ஸ்டனின் அப்பா பெயர் ஏத்தல்ஸ்டன், அம்மா பெயர் வுல்ஃப்கிஃபு. அம்மாவின் முன்பாதி, அப்பாவின் பின்பாதி. ‘ஓநாய்க் கல்’ என்று மொழிபெயர்த்தால் அபத்தம். இரு குடும்பத்தின் ஒட்டுதான் அந்தப் பெயர் சொல்லும் செய்தி. கிரேக்கர்களும் இதைச் செய்தார்கள், கேலியும் செய்தார்கள். கி.மு. 423இல் அரிஸ்டோஃபனிஸ் ‘மேகங்கள்’ நாடகத்தில் ஃபெய்டிப்பிடிஸ் என்று ஒரு மகன். கஞ்சத் தகப்பன் தன் அப்பா பெயரிலிருந்து சிக்கனத்தைக் குறிக்கும் துண்டைக் கேட்கிறான். மேட்டுக்குடி மனைவி குதிரையைக் கேட்கிறாள். சமரசமாக ‘சிக்கனக் குதிரை’. நம் ஊரில் அப்பா பெயரில் பாதி, அம்மா பெயரில் பாதி எடுத்து ஒட்டுகிறவர்களைப் பார்த்துச் சிரிப்பவர்கள் இதையும் தெரிந்துகொள்ளட்டும்.

பொருளை உண்மையாகவே கொண்டுவந்தவர்களும் இருக்கிறார்கள். தமிழ்க் கத்தோலிக்கர் பெயர்களைப் பாருங்கள். எபிரேய யோஹனான், ‘ஆண்டவர் அருள்புரிந்தார்’. அது ஜான், ஹுவான், இவான், ஷான் என்று ஒலி மாறி ஊர் ஊராகப் போனது. தமிழில் ஒலியை விட்டுப் பொருளைப் பிடித்து அருளப்பன் ஆனது. லத்தீனில் பாவுலுஸ் சிறியவர், இங்கே சின்னப்பன். லாசரஸ் என்பது எலெயாசரின் கிரேக்க உருவம், ‘கடவுள் உதவினார்’. 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்ற நீலகண்ட பிள்ளைக்கு அதுவே தேவசகாயம். ஆனால் எல்லாம் மொழிபெயர்ப்பு என்று நினைத்தும் மாட்டிக்கொள்ளக் கூடாது. சந்தியாகு தமிழ்ச் ‘சந்தி’ அல்ல. போர்த்துகீசிய ‘சாந்து’ புனிதர், ‘யாகு’ யாக்கோபு. ‘புனித சந்தியாகப்பர்’ என்பவர் இரண்டு முறை புனிதராகிவிடுகிறார். ஒரு பட்டியலிலும் இந்தப் பெயர்கள் ஒழுங்காக இல்லை.

பார்க்கிற வழி சிரமமில்லை. சமஸ்கிருதம் என்றால் மானியர் வில்லியம்ஸ், 1899 பதிப்பு, கொலோன் பல்கலைக்கழகத் தளத்தில் இலவசம். தமிழ் என்றால் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன். சிகாகோ பல்கலைக்கழகத் தளத்தில் தேடலாம். கடைசி ‘அ’வைச் சேர்த்துத் தேடுங்கள்: ஆரவ் என்றால் கிடைக்காது, ஆரவ என்றால் கிடைக்கும். பெண் பெயரில் கடைசி ஆ, ஈ-யை எடுத்துவிட்டும் ஒருமுறை. முதலில் ‘அ’ இருந்தால் அது மறுப்பா என்று பிரித்துப் பாருங்கள். அகராதியில் இல்லாத சொல் புதுப்பெயர். வைக்கலாம், ‘வேதத்தில் இருக்கிறது’ என்று மட்டும் சொல்லாதீர்கள்.

அவசரமும் இல்லை. பெயர் இல்லாமலே பிறப்பைப் பதியலாம். 12 மாதத்துக்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்க்கலாம். பிறகு தாமதக் கட்டணத்தோடு 15 ஆண்டு வரை. ஒருமுறை ஏறிய பெயரை மாற்றுவதுதான் பாடு. தமிழ் எழுத்தையும் ஆங்கில எழுத்தையும் தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். வாயால் சொன்னால் எழுதுகிறவர் தன் காதுக்குக் கேட்டதை எழுதுவார்.