படத்தில் இருப்பது பாப்பி அன்று

கலிபோர்னியாவின் ஜோஷுவா ட்ரீ தேசியப் பூங்காவைப் பற்றிய இக்கட்டுரையில், செம்மஞ்சள் பூக்களுடன் நிற்கும் செடியின் படத்துக்குக் கீழே 'கலிபோர்னியா பாப்பி' என்று குறித்திருக்கிறீர்கள். நிறம் ஒத்திருந்தாலும் அது பாப்பி அன்று. பாலைவன குளோப்மாலோ எனப்படும் ஸ்ஃபேரால்சியா அம்பிகுவா என்ற பல்லாண்டுச் செடி. பாப்பிக்கு இதழ்கள் நான்கு. படத்தில் ஐந்து தெளிவாகத் தெரிகின்றன. அதைவிட உறுதியான அடையாளம் பூவின் நடுவில் இருக்கிறது: மகரந்தத்தாள்கள் தனித்தனியாக நில்லாமல், ஒன்றோடொன்று இணைந்து ஒரு குழலாகிச் சூல்தண்டைச் சுற்றி எழுந்திருக்கின்றன. நம் ஊர்த் துத்தியிலும் செம்பருத்தியிலும் காணும் அதே அமைப்புதான் இது, ஏனெனில் இவை யாவும் ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை. இலையையும் கவனியுங்கள். பாப்பியின் இலை நூல் நூலாகப் பிளவுபட்டிருக்கும். இந்த இலையோ பெரும்பாலும் மூன்று மடல்களும் சுருங்கிய விளிம்பும் கொண்டு, நட்சத்திர வடிவ நுண்மயிர்கள் அடர்ந்து சாம்பல் பூத்தாற்போல் இருக்கிறது. (அந்த மயிர் கண்ணில் பட்டால் உறுத்தும், நேரில் தொட்டுப் பார்ப்பவர்கள் கவனமாக இருக்க வேண்டும்.)

இதே பேரினத்தில் ஸ்ஃபேரால்சியா கூல்டெரி என்ற ஒருபருவச் செடியும் அமெரிக்கத் தென்மேற்குப் பாலைவனங்களில் உண்டு என்பதால், படத்தில் இருப்பது அதுவோ என்ற ஐயமும் எழலாம். ஆனால் படத்திலுள்ள செடி அடியில் கட்டை பாய்ந்து, ஒரே தூரிலிருந்து பல தண்டுகள் கிளம்பிப் புதராக நிற்கிறது. ஒரு மழைக்கு முளைத்து மடியும் செடிக்கு அப்படிப்பட்ட அடித்தூர் அமையாது. படக்குறிப்பைத் திருத்தும்போது, குளோப்மாலோ பூக்களின் மகரந்தத்தையே பெரிதும் நாடும் டயடேசியா வகைத் தனித்துவாழ் தேனீக்கள் சிலவற்றைப் பற்றியும் ஒரு வரி சேர்த்தால் மகிழ்வேன்.