வானம் மட்டும் திறந்திருந்த மூன்று நாட்கள்

ஹூஸ்டனில் வேலை பார்க்கும் என் அக்கா மகன் நேற்று ஒரு வீடியோ அனுப்பியிருந்தான். அந்தப் பக்கம் இப்போது ஹரிகேன் காலம். ஜூனில் தொடங்கி நவம்பர் வரை நீளும். வீடியோவில் புயல் இன்னும் கடலில்தான் இருக்கிறது, கரையில் சுள்ளென்று வெயில். அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் ஹெலிகாப்டர் ஒன்றைச் சுற்றி நாலைந்து பேர் சாமான் ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். ஆளைத் தூக்கும் கம்பிவடத்தை இறக்கி ஏற்றிப் பார்க்கிறார்கள். ஒருவர் கோடாரி ஒன்றை எடுத்து உள்ளே வைக்கிறார். அப்புறம் எல்லாரும் ஏறி, புயல் வரப்போகும் ஊரை விட்டே கிளம்பிப் போகிறார்கள்.

"ஓடிப் போறாங்கன்னு நெனச்சுடாதீங்க மாமா. புயல் முடிஞ்சதும் மொதல்ல உள்ள வர்றது இவங்கதான்" என்று எழுதியிருந்தான்.

அதைப் பார்த்த பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. புரட்டாசி பிறந்துவிட்டது. ஐப்பசி, கார்த்திகை வந்தால் நாகை, வேதாரண்யம், முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் என்று எங்கள் கரை முழுவதும் ரேடியோவையும் புயல் எச்சரிக்கைக் கூண்டையும் பார்த்தபடி இருக்கும். அதனால் மனதில் கிடப்பதை இங்கே எழுதிவிடுகிறேன். நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

புயலுக்குள் ஹெலிகாப்டர் பறக்காது. பாதையிலேயே நிறுத்தி வைத்தால் அதுவும் தென்னை மாதிரிச் சாய்ந்துவிடும். அதனால் முதல் வேலையே விலகிப் போவதுதான். எவ்வளவு விலகினாலும், புயலின் வால் நகர நகரப் பின்னாலேயே நுழைந்துவிட வேண்டும். 2005 ஆகஸ்ட் 29 அன்று கத்ரீனா புயல் லூசியானாவைத் தாக்கியபோது நியூ ஆர்லியன்ஸ் நிலையத்து ஹெலிகாப்டர்களை முன்கூட்டியே நகர்த்தியிருந்தார்கள். புயல் தாக்கிய அன்றே அவை திரும்பிவிட்டன. நாட்டின் பல மூலைகளிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். அதற்கு முன் ஒருவரை ஒருவர் பார்த்தேயிராத பைலட்டும் மெக்கானிக்கும் நீச்சல்வீரரும் ஒரே ஹெலிகாப்டரில் ஏறினார்கள். எல்லா ஊரிலும் பயிற்சி ஒன்றே என்பதால் அது நடந்தது. படகும் ஹெலிகாப்டருமாக அந்தக் கடலோரக் காவல்படை மட்டும் காப்பாற்றியவர்கள் 33,500 பேருக்கு மேல்.

கோடாரி எதற்கு என்று அவனிடம் கேட்டேன். வெள்ளம் ஏற ஏற ஜனங்கள் கூரைக்கு அடியில் இருக்கும் பரணுக்கு ஏறிவிடுவார்களாம். தண்ணீர் பரண்வரை வந்தால் வெளியேற வழி கிடையாது. கத்ரீனாவில் கூரையைக் கோடாரியால் வெட்டித்தான் பலரை வெளியே எடுத்தார்கள். 2017இல் ஹார்வி வந்து ஹூஸ்டன் மூழ்கியபோது இவன் அங்கேதான் இருந்தான். அப்போது கடலோரக் காவல்படை ஊருக்குச் சொன்ன அறிவுரை இதுதான்: பரணுக்குள் போகாதீர்கள், மேலிருந்து பார்த்தால் நீங்கள் தெரிய மாட்டீர்கள், வீட்டின் உச்சிக்குப் போங்கள், கூரையில் அடையாளம் வையுங்கள், போர்வையையோ துண்டையோ ஆட்டுங்கள்.

துண்டை ஆட்டுங்கள் என்ற இடத்தில் நான் நின்றுவிட்டேன்.

2018 நவம்பர் 16, வெள்ளிக்கிழமை. நள்ளிரவு தாண்டி நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கஜா கரையேறியது. எங்கள் ஊர் வேதாரண்யம் - திருத்துறைப்பூண்டி மெயின் ரோட்டிலிருந்து நாலு கிலோமீட்டர் உள்ளே. முதலில் வடக்கேயிருந்து அடித்தது. நடுவில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. முடிந்தது என்று நினைத்து மாட்டைப் பார்க்க வெளியே வந்தவர்கள் உண்டு. அப்புறம் தெற்கேயிருந்து அடித்தது பாருங்கள், தோப்பு மொத்தமும் அதில்தான் போனது. விடிந்து பார்த்தால் தெரு எது, கொல்லை எது என்று அடையாளம் தெரியவில்லை. தென்னை மேல் தென்னை, அதன் மேல் கரண்ட் போஸ்ட், அதன் மேல் கம்பி.

பெரியப்பாவுக்கு வாரத்துக்கு இரண்டு முறை டயாலிசிஸ். செவ்வாயும் வெள்ளியும். அந்த வெள்ளி போக முடியவில்லை. சனிக்கிழமை முகமும் காலும் வீங்கிவிட்டன. படுத்தால் மூச்சு முட்டும் என்று ராத்திரி முழுக்க உட்கார்ந்தே இருந்தார். 108க்குச் சொல்ல டவர் இல்லை. ரோட்டில் மரம் கிடந்ததால் வண்டியும் வராது. ஊருக்குள் தண்ணீர் நின்றிருந்தாலாவது படகு வந்திருக்கும், எங்களுக்கு அதுவும் இல்லை. எல்லாத் திசையும் அடைத்துக் கிடந்தது, வானம் ஒன்றுதான் திறந்திருந்தது.

ஞாயிறு காலை கயிற்றுக் கட்டிலில் மூங்கில் கட்டி, அவரைத் தலையணையில் சாய்த்து உட்காரவைத்து ஆறு பேர் தூக்கினோம். முன்னால் நாலு பையன்கள் அரிவாளோடு மட்டையை வெட்டிக்கொண்டு போனார்கள். மரம் வரும் இடத்தில் கட்டிலை இறக்கி, மரத்தின் மேல் ஏற்றி, அந்தப் பக்கம் வாங்க வேண்டும். நாலு கிலோமீட்டருக்கு ஐந்து மணி நேரம் ஆனது. பாதி வழியில் தலைக்கு மேலே ஹெலிகாப்டர் சத்தம். கட்டிலைக் கீழே வைத்துவிட்டு எல்லாரும் துண்டை உருவி ஆட்டினோம். பெரியப்பாகூடக் கையைத் தூக்கினார். அது போய்விட்டது.

அதில் இருந்தவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. அன்று என் துண்டு சேற்றில் நனைந்து மண் நிறத்தில் இருந்தது. கைலி பச்சை. விழுந்த தோப்புக்கு நடுவே மண்ணும் பச்சையுமாகப் பத்துப் பேர் நின்றால் மேலே இருப்பவர்களுக்கு என்ன தெரியும்? தெரிந்திருந்தாலும் எங்கே இறங்குவார்கள்? எங்களைத் தேடச் சொல்லி யார் அவர்களிடம் சொல்லியிருப்பார்கள்? பெரியப்பா அன்று மாலை ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தார். அதன் பிறகு இரண்டு வருடம் இருந்தார். அந்த ஐந்து மணி நேரத்தைப் பற்றி ஒரு நாளும் பேசியதில்லை.

கஜாவுக்கு முன் எதுவுமே செய்யவில்லை என்று நான் சொல்ல மாட்டேன், அது பொய். கரையோரத்தில் 80 ஆயிரம் பேருக்கு மேல் முன்கூட்டியே முகாம்களுக்கு அழைத்துப் போனார்கள். போகாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. கடற்படையின் ரன்வீர், கஞ்சர் இரண்டு கப்பல்களும் ஹெலிகாப்டர், டாக்டர், முக்குளிக்கும் ஆட்களோடு தயாராக நின்றன. புயல் சின்னம் தெரிந்தவுடன் கடலோரக் காவல்படையின் டோர்னியர் விமானம் தாழப் பறந்து, கடலில் இருக்கும் படகுகளுக்குக் கரை திரும்பச் சொல்வதை அக்கரைப்பேட்டையிலோ கோடியக்கரையிலோ கேட்டுப் பாருங்கள், கதை கதையாகச் சொல்வார்கள். கடல் பக்கம் முன்னேற்பாடு என்றால் என்ன என்று நமக்குத் தெரியும். கரையிலிருந்து பத்து கிலோமீட்டர் உள்ளே இருக்கும் தோப்பு ஊருக்குத்தான் அப்படி ஒன்று இல்லை.

"டெல்டாவுக்கு ஹெலிகாப்டர் எல்லாம் அதிகம், படகு போதும்" என்று நண்பர் ஒருவர் சொன்னார். கொள்ளிடக் கரைக்கு அது சரி. நாதல்படுகை, முதலைமேடுதிட்டு, வெள்ளமணல் மாதிரி ஊர்களைத் தண்ணீர் சூழும்போது படகுதான் தெய்வம். ஆனால் புயல் வெறும் தண்ணீராக வருவதில்லை. கஜாவில் எங்களை அடைத்தது மரம். 2023 டிசம்பரில் தெற்கே காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியதே, அப்போது ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகள் 800 பேர் மாட்டிக்கொண்டார்கள். அங்கே மேலிருந்துதான் சாப்பாடு விழுந்தது, ஒரு கர்ப்பிணி உட்படச் சிலரை மேலே தூக்கித்தான் காப்பாற்றினார்கள். செலவு பிடிக்கும் விஷயம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஊருக்கு ஒரு ஹெலிகாப்டர் வேண்டும் என்றா கேட்கிறேன்? வானிலை மையம் 24 மணி நேரத்துக்கு முன் எச்சரிக்கை தருகிறது. அந்த நேரத்தில் மூன்று நான்கு ஹெலிகாப்டர்களை, பாதைக்கு வெளியே ஆனால் எட்டும் தூரத்தில், ஆளும் எரிபொருளுமாக நிறுத்திவையுங்கள் என்கிறேன். தஞ்சாவூரில் விமானப்படைத் தளம் இருக்கிறது, அங்கேயே நிறுத்தலாமே என்று தோன்றும். கஜா தஞ்சை மாவட்டத்தையும் புரட்டிவிட்டுத்தான் போனது. அப்படிப்பட்ட நாளில் தெற்கே உச்சிப்புளியோ மேற்கே கோவை பக்கம் சூலூர் விமானப்படைத் தளமோதான் கைகொடுக்கும். உச்சிப்புளி கடற்படைத் தளத்திலிருந்து வேதாரண்யம் நேர்கோட்டில் 150 கிலோமீட்டர் சுமாருக்கு இருக்கும். காற்று அடங்கினால் ஒரு மணி நேரத்தில் வந்துவிடலாம்.

மேலே இருப்பவர்கள் செய்ய வேண்டியது அது. எனக்கு உறுத்துவது நாம் கீழே செய்யாமல் விட்டது.

இறங்க இடம் வேண்டும். இடம் இல்லாவிட்டால் மேலேயே நின்று கம்பிவடத்தில் தூக்க வேண்டும், அது லேசுப்பட்ட வேலை இல்லை. நேர் கீழே என்ன இருக்கிறது என்று பைலட்டால் பார்க்க முடியாது. கதவோரம் இருக்கும் மெக்கானிக் கீழே பார்த்து, கொஞ்சம் முன்னால், கொஞ்சம் வலது பக்கம் என்று வாயால் சொல்லச் சொல்லத்தான் அவர் நகர்த்துவார். அந்த விசிறி அடிக்கும் காற்று ஒரு குட்டிப் புயல். கழன்று கிடக்கும் தகரமும் கீற்றும் பறந்து ஆளை வெட்டும், விசிறியிலும் போய்ச் சிக்கும். இறங்கி வரும் கொக்கியை நாம் தாவிப் பிடிக்கவும் கூடாது. பறக்கும்போது அதில் மின்சாரம் ஏறியிருக்கும். தரையையோ தண்ணீரையோ அது தொட்ட பிறகுதான் நாம் தொட வேண்டும். கொக்கியை எதிலும் கட்டவே கூடாது. இதில் ஒன்றாவது நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் யாராவது சொல்லிக் கொடுத்திருக்கிறார்களா?

மொட்டைமாடிக்கு ஏறச் சொன்னால் ஏற முடியுமா என்பது இன்னொரு கேள்வி. எங்கள் பக்கம் தொகுப்பு வீடுகளுக்குத் தளம் போட்டிருக்கிறார்கள், படி கிடையாது. ஏணி வைத்துத்தான் ஏற வேண்டும். புயல் ராத்திரியில் 70 வயதுக்காரரை ஏணியில் ஏற்றிப் பாருங்கள்.

அப்புறம் பட்டியல். என் அக்கா கிராம சுகாதாரச் செவிலியர். யாருக்கு எந்த மாதம், எந்தத் தேதி என்று நோட்டில் எழுதி வைத்திருப்பார். கஜாவுக்கு இரண்டு நாள் முன்பே நாள் நெருங்கிய ஒரு பெண்ணை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார். ஆனால் வளைகாப்பு முடிந்து தாய்வீட்டுக்கு வந்திருந்த இன்னொரு பெண் அந்த நோட்டில் இல்லை. அவள் பெயர் இருந்தது புகுந்த ஊர்ப் பட்டியலில். அந்த ராத்திரி பள்ளிக்கூட வகுப்பறையில் டார்ச் வெளிச்சத்தில் பிரசவம் பார்த்தார் அக்கா. தாயும் பிள்ளையும் நன்றாக இருக்கிறார்கள், அந்தப் பிள்ளை இப்போது அதே பள்ளிக்கூடத்தில்தான் படிக்கிறது. அன்று ரத்தம் நிற்காமல் போயிருந்தால்? அக்கா இன்றும் அதைச் சொல்லும்போது குரல் உடையும்.

டயாலிசிஸ் நோயாளி யார், ஆக்சிஜன் வைத்திருப்பவர் யார், எழுந்து நடக்க முடியாதவர் யார், பேறுகாலத்துக்கு வந்திருக்கும் பெண் யார் என்பது ஊரில் எல்லாருக்கும் தெரியும், எந்தத் தாளிலும் இல்லை. தாளில் இருந்து, அது புயலுக்கு முந்தின நாள் கலெக்டர் ஆபீஸுக்குப் போயிருந்தால், அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் தலைக்கு மேலே போனவர்களிடம் எங்கள் ஊரின் பெயர் இருந்திருக்கும். அப்படி ஒரு தாளும் பள்ளிக்கூட மைதானத்தில் ஒரு வெள்ளை அடையாளமும் இருந்திருந்தால் பெரியப்பா கயிற்றுக் கட்டிலில் போயிருக்க வேண்டாம் என்றே நான் நம்புகிறேன்.

அக்டோபர் 2 கிராம சபையில் இதைத்தான் பேசப்போகிறேன். பள்ளிக்கூட மைதானத்தை இறங்கும் இடமாக ஊராட்சி தீர்மானம் போட வேண்டும். மழைக்கு முன் அங்கே கிடக்கும் பழைய தகரங்களை எடுத்துவிட வேண்டும். நடுவில் சுண்ணாம்பால் பெரிதாகக் குறி போட வேண்டும், மழையில் கரைந்தால் திரும்பப் போட ஆள் வேண்டும். மூன்று பேருக்காவது அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண் மனப்பாடமாகத் தெரிய வேண்டும். தொகுப்பு வீட்டுத் தெருவுக்கு ஒரு படிக்கட்டாவது கட்டித் தர வேண்டும். பட்டியலை அக்காவும் அங்கன்வாடி டீச்சரும் எழுதுவதாகச் சொல்லிவிட்டார்கள், தாய்வீட்டுக்கு வந்திருக்கும் பெண்களையும் சேர்த்து.

மைதானத்தின் மேற்கு ஓரத்தில் குறுக்கே ஒரு மின்கம்பி தொங்குகிறது. அது இருக்கும்வரை எந்த ஹெலிகாப்டரும் அங்கே இறங்காது. அதை மாற்றித் தரச் சொல்லி மனு எழுதி வைத்திருக்கிறேன். நம் ஊர்க்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு டீக்கடைக்கு வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள்.