பயம் காட்டியது போதும், பாடம் நடத்துங்கள்

எங்கள் கல்லூரியில் நடந்த இணைய விழிப்புணர்வுக் கூட்டத்தில் கேள்வி கேட்டது நான்தான். இப்போது பரவிக்கொண்டிருக்கும் அந்த வீடியோவில் மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பதும் நான்தான். "அது நீயா?" என்று இன்பாக்ஸில் கேட்டுக்கொண்டே இருப்பவர்களுக்கு இதுவே பதில். என்ன நடந்தது என்று முதலிலிருந்து சொல்லப் போவதில்லை. இங்கே இருக்கும் பெரும்பாலானவர்கள் பார்த்துவிட்டீர்கள், அதில் பாதிப் பேர் எனக்குப் புத்தியும் சொல்லிவிட்டீர்கள். ஆனால் நீங்கள் பார்த்தது கடைசி அரை நிமிடம். அதற்கு முந்தைய ஒன்றரை மணி நேரத்தை வெட்டி எறிந்துவிட்டுத்தான் யாரோ அதைப் போட்டிருக்கிறார்கள்.

இணைய விழிப்புணர்வு என்ற பெயரில் அந்த ஒன்றரை மணி நேரமும் நாங்கள் கேட்டது இதைத்தான். ஃபோட்டோ போடாதே. தெரியாதவர்களிடம் பேசாதே. ராத்திரியில் ஃபோனைத் தொடாதே. ரீல்ஸ் பார்க்காதே, படிப்பு போய்விடும். இது எப்படி வேலை செய்கிறது என்று ஒரு வாக்கியமாவது வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. கடைசியில் கேள்வி இருந்தால் கேளுங்கள் என்றார்கள். ஆப்பைத் திறந்ததும் வரிசையாக வரும் பதிவுகளை, அதாவது ஃபீடைப் பற்றிக் கேட்டேன். "சார், எங்கள் ஃபீடில் எது முதலில் வரவேண்டும் என்று யார், எதை வைத்து முடிவு செய்கிறார்கள்?" "அதெல்லாம் உனக்கு எதுக்கும்மா, அளவோடு பயன்படுத்தினால் போதும்" என்றார் பேச வந்தவர். "எப்படி இயங்குகிறது என்றே தெரியாமல் எது அளவு என்று நாங்கள் எப்படி முடிவு செய்வது?" என்று கேட்டேன். வீடியோ அங்கேதான் ஆரம்பிக்கிறது. மாணவர்கள் கைதட்டியதும், மைக்கை என்னிடமிருந்து வாங்கியதும் மட்டும்தான் உங்கள் கைக்கு வந்தது. அதன்மேல் "பெரியவர்களை மதிக்கத் தெரியாத தலைமுறை" என்று ஒரு வரி.

நான் சொல்வது ஒன்றே ஒன்றுதான். எங்களுக்குப் பயம் காட்டாதீர்கள், பாடம் நடத்துங்கள். கணக்கு மாதிரி, வேதியியல் மாதிரி, உட்கார வைத்து, ஆரம்பத்திலிருந்து, இணையம் என்றால் என்ன என்று சொல்லிக்கொடுங்கள். சந்தேகம் கேட்டால் பதில் சொல்லுங்கள். பதில் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள், அதில் ஒன்றும் குறைவில்லை.

எனக்கு அப்படிச் சொல்லிக்கொடுத்த ஓர் ஆசிரியை இருந்தார். விருப்பப் பாடம், மதிப்பெண்கூடக் கிடையாது. வகுப்பில் பாதி பெஞ்சுகள் காலியாகத்தான் இருக்கும். அவர் ஃபோனைப் பற்றியே பேசவில்லை, 1969-லிருந்து ஆரம்பித்தார். அந்த வருடம் அக்டோபர் 29 அன்று ஒரு பல்கலைக்கழகக் கணினியிலிருந்து தொலைவில் இருந்த இன்னொரு கணினிக்கு 'லாகின்' (LOGIN) என்ற சொல்லை அனுப்பப் பார்த்தார்கள். முதல் இரண்டு எழுத்துகள் போய்ச் சேர்ந்ததும் அந்தப் பக்கத்துக் கணினி நின்றுவிட்டது. இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெட் என்ற வலையமைப்பு தொடங்கியது அப்படித்தான். 1983 ஜனவரி 1 அன்று அந்த வலையமைப்பு டிசிபி/ஐபி என்ற பொது விதிமுறைக்கு மாறியது. வெவ்வேறு வலையமைப்புகள் ஒன்றோடொன்று பேச வழி வந்தது அதனால்தான். இன்று நாம் பார்க்கும் இணையதளங்கள் அதற்கும் பிறகு வந்தவை. 1989-ல் செர்ன் என்ற ஐரோப்பிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ அவற்றுக்கான திட்டத்தை எழுதிக் கொடுத்தார். 1993 ஏப்ரல் 30 அன்று செர்ன் அதை யார் வேண்டுமானாலும் காசில்லாமல் பயன்படுத்தலாம் என்று அறிவித்தது. நம் வீடியோக்கள் எல்லாம் வானத்தில் சாட்டிலைட் வழியாக வருகின்றன என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். உண்மையில் கண்டம் விட்டுக் கண்டம் போகும் தரவில் மிகப் பெரும்பகுதி கடலுக்கு அடியில் கிடக்கும் கேபிள்களில், முடி அளவே இருக்கும் கண்ணாடி இழைகளுக்குள் ஒளியாகப் போகிறது.

இதெல்லாம் தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று கமெண்ட்டில் ஒருவர் கேட்டிருந்தார். எனக்கு என்ன ஆனது என்று சொல்கிறேன். இது தானாக வந்த ஒன்றில்லை, மனிதர்கள் உட்கார்ந்து ஒவ்வொன்றாக முடிவெடுத்துக் கட்டியது என்று புரிந்தது. முடிவெடுத்துக் கட்டியது என்றால், அந்த முடிவுகளைக் கேள்வி கேட்கலாம். அதுவரை இணையம் என்றால் ஏதோ பெரிய மர்மம், நாம் கவனமாக ஒதுங்கிப் போகவேண்டும் என்ற எண்ணம்தான் இருந்தது. பயம் காட்டும் கூட்டங்கள் அந்த எண்ணத்தைத்தான் வளர்க்கின்றன.

அன்றைய கூட்டத்தில் "பிரவுசரில் தளத்தின் முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுப் படம் இருந்தால் அது நம்பகமான தளம்" என்று ஒன்றைச் சொன்னார்கள். முன் வரிசையில் இருந்த முதலாமாண்டு மாணவர்கள் அதைக் குறிப்பெடுத்தார்கள். அது தவறு. நமக்கும் அந்தத் தளத்துக்கும் நடுவே போகும் தகவலை வேறு யாரும் படிக்க முடியாது என்பதைத்தான் அந்தப் பூட்டு சொல்கிறது. தளத்தை நடத்துபவர் யோக்கியமா என்று அது சொல்லவில்லை. அந்தப் பூட்டு வரத் தேவையான சான்றிதழ் இலவசமாகவே கிடைக்கிறது, ஏமாற்றுக்காரரும் வாங்கிக்கொள்ளலாம். மக்கள் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள் என்பதால்தான் 2023-ல் கூகுளின் குரோம் பிரவுசர் அந்தப் பூட்டுப் படத்தையே எடுத்துவிட்டு வேறு சின்னம் வைத்தது. இப்போது யோசித்துப் பாருங்கள். பூட்டைப் பார்த்து ஒரு போலி வங்கித் தளத்தில் அந்த முதலாமாண்டுப் பிள்ளை பாஸ்வேர்டைப் போட்டால், அந்தக் கூட்டம் அவளைக் காப்பாற்றியதா, மாட்டிவிட்டதா?

அப்புறம் அந்தக் கத்தி. சமூக ஊடகம் கத்தி மாதிரி, காய் நறுக்கலாம், ஆளையும் குத்தலாம், எல்லாம் பயன்படுத்துபவர் கையில் என்றார்கள். எல்லாக் கூட்டத்திலும் இதைச் சொல்கிறார்கள். கத்தி நம்மைக் கவனிப்பதில்லை. நேற்று எதை வெட்டினோம், எந்த இடத்தில் கை தயங்கியது என்று கணக்கு வைத்துக்கொண்டு இன்று அதையே நம் முன்னால் நீட்டுவதில்லை. கீழே வைத்தால் "இன்னும் கொஞ்சம்" என்று கூப்பிடுவதில்லை. ஃபீட் இதையெல்லாம் செய்கிறது. முடிவில்லாமல் ஸ்க்ரோல் ஆகும் வடிவத்தை 2006-ல் உருவாக்கிய ஏசா ராஸ்கின் பிறகு அதற்காகப் பகிரங்கமாக வருத்தப்பட்டிருக்கிறார். ஃபேஸ்புக்கில் லைக் பட்டன் வந்தது 2009-ல். 2012 ஜனவரியில் ஒரு வாரம், ஃபேஸ்புக் நிறுவனத்தார் 6,89,003 பேரைச் சோதனையில் சேர்த்து, அவர்களில் பலருடைய ஃபீடில் மகிழ்ச்சியான பதிவுகளையோ சோகமான பதிவுகளையோ குறைத்துக் காட்டி, அவர்கள் எழுதுவது மாறுகிறதா என்று சோதித்தார்கள். மிகச் சிறிய அளவில் மாறியது. 2014-ல் ஆய்வுக் கட்டுரை வெளிவந்த பிறகுதான் இப்படி ஒரு சோதனை நடந்ததே உலகத்துக்குத் தெரிந்தது. அந்த வாரம் மனம் சரியில்லாமல் இருந்த ஒருவரிடம் போய் "எல்லாம் உன் கையில்தான்" என்று சொல்ல முடியுமா?

2023-ல் ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டா நிறுவனத்தின் வருமானம் 134 பில்லியன் டாலருக்கு மேல், அதில் 97 விழுக்காட்டுக்கும் அதிகமாக விளம்பரத்திலிருந்து வந்தது. நாம் எவ்வளவு நேரம் இருக்கிறோமோ அவ்வளவு விளம்பரம். "யார், எதை வைத்து முடிவு செய்கிறார்கள்" என்று நான் கேட்டது இதனால்தான். எதிர்த்துப் பேசவேண்டும் என்ற ஆசையில் கேட்கவில்லை.

அந்த வீடியோவுக்குக் கீழே வரிசையாகக் கோப முகங்கள். எந்தப் பதிவை முன்னால் காட்டுவது என்ற கணக்கில் ஃபேஸ்புக் 2017-லிருந்து சில வருடங்கள் ஒரு கோப முகத்துக்கு ஒரு லைக்கைவிட ஐந்து மடங்கு மதிப்பு கொடுத்து வந்தது, பின்னால் படிப்படியாகக் குறைத்து பூஜ்யமாக்கியது. 2021-ல் வெளிவந்த உள் ஆவணங்களிலிருந்து தெரிந்த விஷயம் இது. இப்போது எந்தத் தளம் என்ன கணக்கு வைத்திருக்கிறது என்று பெரும்பாலும் நமக்கு முழுசாகச் சொல்வதில்லை. ஆனால் ஒரு பெண் கையில் மைக்குடன் நிற்கும் அரை நிமிடம் ஏன் இவ்வளவு தூரம் போகிறது, அந்த ஒன்றரை மணி நேரம் ஏன் போகவில்லை என்பதற்கு ஆரம்பம் இதில் இருக்கிறது. இதைத்தான் எங்களுக்குச் சொல்லிக்கொடுக்கச் சொல்கிறேன்.

சரி, உங்கள் மறுப்புகளுக்கு வருகிறேன்.

மாணவர்கள் ஃபோனிலேயே விழுந்து கிடப்பது உண்மைதானே என்கிறீர்கள். உண்மைதான். என் அறைத்தோழி தேர்வுக்கு முந்தைய இரவு விடியும்வரை வீடியோ பார்த்துவிட்டு அழுதிருக்கிறாள். அதைச் சின்ன விஷயம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவளிடம் யாரும் "பார்க்காதே" என்று சொல்லாமல் இருந்தார்களா? அம்மா சொன்னார், அண்ணன் சொன்னார், ஆசிரியர்கள் சொன்னார்கள், நானும் சொன்னேன். ஒன்று முடிந்ததும் அடுத்தது தானாக ஓடுவதை நிறுத்த செட்டிங்ஸில் ஓர் இடம் இருக்கிறது, நோட்டிஃபிகேஷனை ஒவ்வொன்றாக அணைக்கலாம் என்று அந்த ஆசிரியை காட்டித்தந்த பிறகுதான் கொஞ்சம் குறைந்தது. முழுசாக நின்றுவிடவில்லை. குறைந்தது.

பெரியவர்களுக்கு அனுபவம் இருக்கிறது, சொன்னால் கேட்கவேண்டும் என்கிறீர்கள். இணையத்தில் வயதோ பட்டமோ தானாகப் பாதுகாப்பு ஆகாது. 2017-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். முனைவர் பட்டம் பெற்ற வரலாற்றாசிரியர்கள் 10 பேர், மாணவர்கள் 25 பேர், செய்திகளைச் சரிபார்ப்பதையே தொழிலாகச் செய்பவர்கள் 10 பேர். நம்பலாமா என்று பார்க்கச் சொல்லி சில தளங்களைக் கொடுத்தார்கள். வரலாற்றாசிரியர்களும் மாணவர்களும் அந்தப் பக்கத்திலேயே உட்கார்ந்து மேலிருந்து கீழே படித்தார்கள், அழகான லோகோவையும் பெயரையும் பார்த்துப் பலர் ஏமாந்தார்கள். சரிபார்ப்பவர்கள் அந்தப் பக்கத்தை அப்படியே விட்டுவிட்டு, புது டேப் திறந்து, இவர்களைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தேடினார்கள். சீக்கிரமே சரியான முடிவுக்கும் வந்தார்கள். எங்கள் வீட்டுக் குடும்பக் குழுவில் வரும் ஃபார்வர்டுகளில் பெரும்பாலானவை மாமாக்களும் பெரியப்பாக்களும் அனுப்புபவை. அவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. அவர்களுக்கும் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

நேரமில்லை, பாடத்திட்டத்தில் இடமில்லை என்பவர்களுக்கு: ஒன்றரை மணி நேரம் இருந்தது.

"ஒரு பொண்ணு இப்படிப் பேசலாமா" என்று எழுதியவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்றுதான் தெரியவில்லை. அதைப் படித்தபோது எனக்கு என்னைவிட என் சித்தி மகளின் நினைவுதான் வந்தது. அவளிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

அவள் பள்ளியில் படிக்கிறாள். அவள் பெயரில், அவள் முகத்தோடு, யாரோ ஒரு போலிக் கணக்கு ஆரம்பித்து மற்றவர்களுக்குக் கேவலமாகச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அவள் ஒரு ஃபோட்டோகூடப் போட்டதில்லை. அவளுக்குக் கணக்கே கிடையாது. பள்ளி விளையாட்டு விழாவில் எடுத்த குழுப் படத்தை வேறு யாரோ போட, அதிலிருந்து அவள் முகத்தை மட்டும் வெட்டி எடுத்திருக்கிறார்கள். "ஃபோட்டோ போடாதே" என்ற அறிவுரையைச் சொட்டு விடாமல் கடைப்பிடித்த பிள்ளைக்குத்தான் இது நடந்தது. வாரக்கணக்கில் யாரிடமும் சொல்லவில்லை. சாப்பாடு குறைந்தது, பள்ளிக்குப் போக மாட்டேன் என்றாள், வயிற்றுவலி என்றாள். கடைசியில் என்னிடம் சொன்னபோது முதலில் வந்த வார்த்தை "அக்கா, நான் ஒண்ணும் பண்ணல, அம்மாகிட்ட சொல்லிடாதே" என்பதுதான்.

ஏன் சொல்லவில்லை தெரியுமா? அவள் பள்ளியிலும் இதே மாதிரி ஒரு கூட்டம் நடந்திருக்கிறது. கெட்டுப்போகும் பெண்களைப் பற்றிய கதைகள். ஒவ்வொரு கதையிலும் தப்பு அந்தப் பெண்ணுடையது. அதைக் கேட்ட குழந்தை, தனக்கு ஒன்று நடந்தால் தானும் அந்தக் கதையில் வரும் பெண்தான் என்று முடிவு செய்துகொள்கிறது. அங்கே யாரும் புகார் செய்யும் இடத்தைக் காட்டவில்லை. கணக்கின் லிங்க்கை எடுத்து வைத்துக்கொள், நீக்கப்படுவதற்கு முன்னால் ஸ்கிரீன்ஷாட் எடு, வேறொருவர்போல் நடிக்கும் கணக்கு என்ற பிரிவில் புகார் கொடு, ஒரு பெரியவரிடம் சொல் என்று ஒருவரும் சொல்லவில்லை. எனக்கு இது தெரிந்திருந்தது, அந்த மதிப்பெண் இல்லாத விருப்பப் பாடத்தால். உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் செய்தோம், கணக்கை நீக்கினார்கள். சித்தியிடமும் சொன்னோம். சித்தி பள்ளிக்குப் போனார். "இனிமே கவனமா இருக்கச் சொல்லுங்க" என்றார்கள். யார் செய்தது என்று அவர்கள் விசாரிக்கவே இல்லை. அவளைத்தான் கவனமாக இருக்கச் சொன்னார்கள்.

இதை வைத்துக்கொண்டுதான் நான் அந்தக் கூட்டத்தில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். குரல் உயர்ந்தது என்கிறீர்கள். உயர்ந்தது. உயராமல் எப்படி இருக்கும்?

அவள் பள்ளித் தலைமையாசிரியருக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். ஒரே ஒரு பாடவேளை கேட்டிருக்கிறேன். எங்கள் ஆசிரியை வந்து நடத்தச் சம்மதித்திருக்கிறார். ஃபீட் எப்படி வேலை செய்கிறது, பூட்டு எதைச் சொல்கிறது, ஒரு செய்தியை எப்படிச் சரிபார்ப்பது, ஏதாவது நடந்தால் எங்கே புகார் கொடுப்பது, இவ்வளவுதான் கேட்டது. மாணவர்கள் கேட்கும் கேள்விக்குக் கடைசி கால் மணி நேரத்தை ஒதுக்கச் சொல்லியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை, வந்ததும் இங்கேயே போடுகிறேன். கமெண்ட்டில் என் தங்கையின் பெயரையோ பள்ளியையோ கேட்காதீர்கள், கேட்டால் நீக்கிவிடுவேன்.