சட்டத்தை எழுதியது அந்த நிறுவனம் அல்ல

எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் உரிமையாளர் நிறுவனம்தான் நியூயார்க்கின் 'லோக்கல் லா 97' சட்டத்தை எழுதிக்கொடுத்தது என்று ஒரு நண்பர் சொல்கிறார். அது தவறு. 2019-இல் சட்டத்தை நிறைவேற்றியது நகர மன்றம். 25,000 சதுர அடிக்கு மேற்பட்ட கட்டடங்களுக்கு அது கார்பன் உமிழ்வு வரம்பு வைக்கிறது. மீறினால், கூடுதலாகும் ஒவ்வொரு டன்னுக்கும் 268 டாலர் அபராதம். கட்டட உரிமையாளர்களின் சங்கமான நியூயார்க் ரியல் எஸ்டேட் வாரியம் அதை எதிர்க்கவே செய்தது.

சரி, நிறுவனத்தின் பங்கு என்ன? ஆற்றலைச் சேமிக்க அந்தக் கட்டடத்துக்கு 2009-இல் அறிவித்த சீரமைப்புதான். 6,514 ஜன்னல்களையும் கழற்றி, ஐந்தாவது மாடியிலேயே பட்டறை போட்டு, பழைய கண்ணாடிகளுக்கு இடையே மெல்லிய படலம் வைத்து, வாயு நிரப்பித் திரும்ப மாட்டினார்கள். அறைகளைச் சூடாக்கும் ரேடியேட்டர்களுக்குப் பின்னால் வெப்பத்தடுப்புத் தகடும் வைத்தார்கள். ஆற்றல் செலவை 38 சதவீதம் குறைப்பது இலக்கு. பழைய கட்டடத்திலும் இது சாத்தியம் என்று காட்டியது பெரிய விஷயம். அந்தப் பெருமையை மனதாரக் கொடுப்போம்.